டாலர் பட வில்லன் அப்புறம் என்ன ஆனார்? (ஜான் மரியா வொலொன்தே பற்றி)

கேள்வி:
“‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ மறுபடி பார்த்தேன். ஈஸ்ட்வுட் எங்கேயோ போயிட்டார். லீ வான் கிளீஃபையும் எல்லாருக்கும் தெரியும். பாக்கெட் வாட்ச்சைத் திறந்து வெச்சு, பாட்டு முடிஞ்சதும் சுடுவானே, அந்த இத்தாலிக்காரன் யாரு? செம ஓவர் ஆக்டிங். அப்புறம் கட்சிப் படம், கொடிப் படம்னு போய்க் காணாமப் போயிட்டாருன்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?”

12 ஜனவரி, இரவு 11.40

பேர் ஜான் மரியா வொலொன்தே. அந்தப் படத்தில் அவர் செய்த வில்லன் பேர் எல் இண்டியோ. காணாமல் எல்லாம் போகவில்லை, நம் பக்கம் அந்தப் படங்கள் வந்து சேரவில்லை. 1933ல் மிலானில் பிறந்து டூரினில் வளர்ந்தவர். 1957ல் ரோம் நாடக அகாதமியில் படிப்பை முடித்தார். பிறகு மேடை, டிவி. டாலர் படங்களை எடுத்த இயக்குநர் செர்ஜியோ லியோனி கூப்பிட்டபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இவர் நடித்த இரண்டு டாலர் படங்களும், ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’, ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’, 1964, 1965. அதற்கப்புறம்தான் ஆளே ஆரம்பிக்கிறார். எலியோ பெத்ரி, பிரான்செஸ்கோ ரோசி, ஜூலியானோ மொந்தால்தோ என்று இத்தாலிய இயக்குநர்களோடு வரிசையாக. 1972ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை இரண்டு படங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இரண்டிலும் இவர்தான் நாயகன். கடைசியில் சரயேவோவில் ஷூட்டிங் நடக்கும்போதே இறந்தார்.

தூக்கம் வருது. மீதி நாளைக்கு.

13 ஜனவரி, காலை 7.10

ராத்திரி எழுதியதில் இரண்டு தப்பு. பல் விளக்கும்போது ஞாபகம் வந்தது.

ஒன்று, 1972ல் அந்தப் பரிசுக்குத் தங்கப் பனை என்ற பேர் கிடையாது. நடுவில் சில வருஷம் அந்தப் பேரை எடுத்துவிட்டு ‘கிராண்ட் ப்ரீ’ என்றே கொடுத்தார்கள். பரிசு என்னவோ அதே முதல் பரிசுதான்.

இரண்டு, சரயேவோ இல்லை. அவர் கடைசியாக நடித்துக்கொண்டிருந்த, கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்சலோபுலோஸ் படத்தின் கதைதான் சரயேவோவுக்குப் போகிறது. வொலொன்தே இறந்தது வட கிரீஸில் ஃப்ளோரினா என்ற ஊரில், 6 டிசம்பர் 1994ல். மாரடைப்பு, வயது 61. அவர் செய்ய வேண்டிய வேடத்தை எர்லாண்ட் யோசப்சன் செய்தார். படத்தை இவருக்கே சமர்ப்பித்தார்கள்.

13 ஜனவரி, மதியம்

ஓவர் ஆக்டிங் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நானும் குற்றவாளி. காலேஜில் படிக்கும்போது ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் விசிடி போட்டுப் பார்த்த நாளிலிருந்து பத்து வருஷம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஈஸ்ட்வுட் கண்ணைச் சுருக்கினால் போதும், இந்த ஆள் எதற்கு இப்படி வியர்த்து விறுவிறுத்து உருளுகிறார் என்று.

பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் கேட்டது அவர் குரலே இல்லை, ஆங்கில டப்பிங். சரி, இத்தாலியப் பிரதியிலாவது அவர் குரல் இருக்குமென்று முதல் படத்தைத் தேடிப் போட்டால், ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ இத்தாலிய மொழியிலும் அவர் நடித்த வில்லன் ரமோன் ரோஹோவுக்குக் குரல் கொடுத்தது நாந்தோ காட்சோலோ என்ற வேறொரு நடிகர்! ஈஸ்ட்வுட்டுக்கு இத்தாலியில் என்ரிகோ மரியா சலேர்னோ குரல். டைட்டிலிலாவது சொந்தப் பேர் உண்டா என்றால் அதுவும் கிடையாது. அமெரிக்கப் படம் என்று ஜனங்கள் நம்பட்டும் என்று லியோனியே ‘பாப் ராபர்ட்சன்’ ஆனார், இசையமைப்பாளர் மோரிகோனி ‘டான் சாவியோ’ ஆனார், நம்மாள் ‘ஜான் வெல்ஸ்’.

பேரும் இரவல், குரலும் இரவல். மிச்சம் இருந்தது புருவமும் பல்லும்தான், ஆள் அதை வைத்துப் பிழைத்திருக்கிறார் என்று அன்றைக்கு நண்பனிடம் ஜோக் அடித்தேன். இப்போது நினைத்தால் அது பாதி ஜோக்தான்.

13 ஜனவரி, இரவு 9.30

“சொந்த மொழியில் எடுத்த படத்துக்கே ஏன் டப்பிங்?” என்று கேட்டிருக்கிறார்கள். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வியே வரக்கூடாது. எத்தனை கதாநாயகிகளின் சொந்தக் குரலை நாம் கேட்டிருக்கிறோம்?

இத்தாலியில் போருக்குப் பிறகு பெரும்பாலும் ஸ்பாட்டில் ஒலிப்பதிவு இல்லாமல்தான் எடுத்தார்கள். ஒரே காட்சியில் அமெரிக்கர் ஆங்கிலத்திலும் ஸ்பானியர் ஸ்பானிஷிலும் இத்தாலிக்காரர் தன் மொழியிலும் பேசுவார்கள், எல்லாம் பிறகு டப்பிங் அறையில் ஒட்டப்படும். லியோனி அல்மேரியா பொட்டலில் எடுத்ததும் அப்படியே. இதனால் குரல் நல்லாயிருந்தால் முகம் ஒருவர், குரல் ஒருவர் என்று கூசாமல் பிரித்துவிடுவார்கள்.

சுவாரஸ்யம் என்னவென்றால் பிற்காலத்தில் இதை எதிர்த்து நடிகர்கள் சங்கம் சேர்ந்து சண்டை போட்டபோது முன்னால் நின்றவர்களில் வொலொன்தே ஒருவர். ‘வோச்சே-வோல்தோ’ என்பார்கள். குரலும் முகமும். யார் முகமோ அவர் குரலே இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. இரவல் குரலில் உலகப் புகழ் அடைந்தவர் அதைக் கேட்டார் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

14 ஜனவரி

அவர் அப்பா பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: அப்பா ஃபாசிஸ்ட். போரின் கடைசியில் டூரினுக்குப் பக்கத்தில் முசோலினி ஆதரவு கறுப்புப் படையில் பொறுப்பில் இருந்தவர், போர் முடிந்ததும் சிறைக்குப் போனார். வீட்டில் காசில்லை, பையன் பதினான்கு வயதில் பள்ளியை விட்டான். ஊர் ஊராகப் போகும் நாடகக் கோஷ்டியில் எடுபிடியாகச் சேர்ந்து மேடையேறினான். நம் ஊர் பாய்ஸ் கம்பெனி கதை மாதிரியே இருக்கிறது.

மகன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1975ல் லாட்சியோ மாகாண சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சில மாதத்தில் ராஜினாமாவும் செய்தார். அவர் அரசியல்வாதியாக இருந்தது அவ்வளவுதான்.

அப்பனுக்குப் பிராயச்சித்தம் என்று சிலர் இதற்கு உளவியல் எழுதுவார்கள். எனக்கு அதில் ருசி இல்லை.

14 ஜனவரி, இரவு

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால் ‘சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு குடிமகன் மீதான விசாரணை’. பெத்ரி, 1970. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இசை மோரிகோனி. கடைசியில் கம்பி அறுந்ததுபோல் ஒரு சத்தம் வருமே, அதுதான்.

கதை தெரிந்தாலும் படம் கெடாது. ரோமில் கொலைக் குற்றப் பிரிவின் தலைவர். அன்றைக்குத்தான் அரசியல் பிரிவுக்குப் பதவி உயர்வு. அதே நாளில் தன் காதலியைக் கழுத்தறுத்துக் கொல்கிறார். கொன்றுவிட்டுத் தடயத்தை அழிக்கவில்லை, பரப்பி வைக்கிறார். ரத்தத்தில் ஷூவை வைத்து அழுத்துகிறார். குளியலறையில், கண்ணாடிக் குவளையில் கைரேகை. தன் நீலப் பட்டு டையிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து அவள் நகக்கண்ணில் செருகுகிறார். திருட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பணத்தை அப்படியே விடுகிறார். தன்னை யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று நிரூபிப்பதுதான் திட்டம்.

இதில் வொலொன்தேயின் நடையைப் பாருங்கள். தலைமுடி எண்ணெய் வைத்து ஒட்டச் சீவியிருக்கும். கீழ்நிலை அதிகாரிகள் நடுவே மார்பை நிமிர்த்திக்கொண்டு போவார். குரலில் தெற்கத்தி சிசிலி வாடை, ஒவ்வொரு வாக்கியமும் உத்தரவு. ‘அடக்குமுறைதான் நாகரிகம்’ என்று பதவியேற்றுக் கத்துவார், கூட்டம் கைதட்டும். அதே ஆள் அவளிடம் தனியாக இருக்கும்போது சின்னப் பையன். அவள் கேலி செய்ததும் முகம் விழுகிற விழுச்சி இருக்கிறதே, இந்தக் கொலை ஏன் நடந்தது என்று அந்த ஒரு விநாடியில் புரிந்துவிடும்.

சொந்தக் குரல். கவனிக்கவும்.

படம் பிப்ரவரி 1970ல் வெளிவந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் 12 டிசம்பர் 1969ல் மிலானில் ஃபொந்தானா சதுக்கத்து வங்கியில் குண்டு வெடித்தது. மூன்று நாளில் விசாரணைக்குக் கொண்டுபோன ஜூசெப்பே பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி போலீஸ் தலைமையகத்தின் நாலாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். அதைப் பார்த்துவிட்டு எடுத்த படம் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். உண்மையில் படம் அதற்கு முன்பே எடுத்து முடித்தது.

15 ஜனவரி

கான் பற்றி ஒரு கொசுறு. 1971ல் ‘சாக்கோ, வன்செத்தி’ படம், அமெரிக்காவில் மரணதண்டனை பெற்ற இரண்டு இத்தாலியர்களின் கதை. வொலொன்தே வன்செத்தி. கோர்ட் காட்சியில் அவர் பேசுவதைப் பார்த்தால் முடி சிலிர்க்கும். சிறந்த நடிகர் பரிசு யாருக்கு? சாக்கோவாக நடித்த ரிக்கார்தோ குச்சோலாவுக்கு. 1972ல் முதல் பரிசு வாங்கிய இரண்டு படத்திலும் இவர்தான். சிறந்த நடிகர் ஷான் யான், பிரெஞ்சுக்காரர், வேறு படத்துக்கு. ஒருவழியாக 1983ல் கிளாத் கொரேத்தாவின் சுவிஸ் படத்துக்காக இவருக்குக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் பந்தி முழுக்கப் பரிமாறினவன் கடைசியில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி.

15 ஜனவரி, இரவு 10.50

இதை எழுதத்தான் நாலு நாளாகச் சுற்றி வந்திருக்கிறேன் போல.

அந்த 1972 படங்களில் ஒன்று ‘தொழிலாளி வர்க்கம் சொர்க்கத்துக்குப் போகிறது’. மறுபடி பெத்ரி. வடக்கே நொவாராவில் ஒரு லிஃப்ட் தொழிற்சாலையில், அங்கே வேலை பார்த்தவர்களையே சுற்றி நிறுத்தி எடுத்தது. வொலொன்தே அதில் லூலூ மாஸா. பீஸ் ரேட்டில் வேலை செய்யும் மெஷின்காரன், தொழிற்சாலையிலேயே வேகமானவன். ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கும் ஆபீஸ்காரர்கள் இவன் வேகத்தைக் கணக்கெடுத்து மற்றவர்கள் தலையில் கட்டுவார்கள். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் இவனைக் காறித் துப்பாத குறை. வேகத்தின் ரகசியம் என்ன என்று கேட்டால், எதிரே வேலை செய்யும் ஒரு பெண்ணின் பின்பக்கத்தையே நினைத்துக்கொள்வானாம். ‘ஒரு பீஸு, ஒரு பின்பக்கம். ஒரு பீஸு, ஒரு பின்பக்கம்.’ தாளம் தப்பாமல் முணுமுணுப்பான். தியேட்டரில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளஸ் டூ லீவில் கோயமுத்தூரில் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையில் மூன்று மாதம் இருந்தேன். நாலு லேத், ஒரு டிரில்லிங், ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பம்ப்செட்டுக்குப் புஷ் கடைந்து கொடுக்கிற வேலை. எண்ணிக்கைக்குக் காசு. அங்கே மூத்த டர்னர் ஒருத்தர் இருந்தார். வாயில் எப்போதும் ஏதோ ஒரு பாட்டின் இரண்டே வரி. சக்கில் ஜாப்பை மாட்டும்போது முதல் வரி, டூல் போய்த் திரும்பும்போது இரண்டாவது வரி. அந்தப் பாட்டு பிடிக்குமா அண்ணா என்று ஒருநாள் கேட்டேன். “பாட்டா? அது பாட்டு இல்லீங் கண்ணு, கைக்குக் கடிகாரம்” என்றார். வீட்டில் அவர் பாடியதே இல்லையாம்.

நான் அவர் பக்கத்து லேத். எனக்கும் வேகம் வந்துவிட்டது என்ற திமிரில் ஒருநாள் எத்தனை பீஸ் ஆச்சு என்று எண்ணிக்கொண்டே ஓட்டினேன். சுருள் சுருளாக வந்த பிசிறைக் கொக்கியால் இழுக்காமல் கையால் தட்டிவிட்டேன். ஆள்காட்டி விரல் நுனியில் நாலு தையல். முதலாளி முதலில் கேட்டது “பீஸ் ரிஜெக்ட்டா?”

லூலூவுக்கு விரலே போய்விடும். அதுவரைக்கும் கேலியாகப் போன படம் அங்கே திரும்புகிறது. ஆனால் எனக்கு மறக்க முடியாதது அது இல்லை. கடைசிப் பக்கம் ஒரு காட்சி. வேலை போய், வீட்டில் இருக்கிற சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இதற்கு இத்தனை மணிநேர வேலை, இதற்கு இத்தனை என்று கணக்குப் போடுவான். தேவையே இல்லாத அலங்காரப் பொருள்கள். காற்றடைத்த பெரிய வாத்து பொம்மை ஒன்று, டிஸ்னி கார்ட்டூனில் வரும் பணக்கார வாத்து. அதன் கழுத்தைப் பிடித்து நெரிப்பான். காற்றுப் போகும். வொலொன்தே அந்த இடத்தில் கத்தவில்லை, கடைக்காரன் சரக்குக் கணக்கு எடுப்பதுபோல் எடுக்கிறார்.

முன்பு அவரை ஓவர் ஆக்டிங் என்று சொன்ன வாய் இதுதான்.

16 ஜனவரி

“எல்லாம் கட்சிப் பிரசாரம்தானே” என்று ஒருவர். அந்தப் படத்தைக் கட்சிக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? லூலூ புரட்சி வீரன் இல்லை. டிவி, கார், ஓவர்டைம் என்று அலைகிற, பொண்டாட்டியையும் விட்டவன். தொழிற்சங்கக்காரர்களும் வாசலில் மைக் பிடிக்கும் மாணவர்களும் படத்தில் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு இத்தாலிய விழாவில் இதைத் திரையிட்டபோது ஷான்-மரி ஸ்த்ராப் என்ற இயக்குநர், அவரும் இடதுசாரிதான், எல்லாப் பிரதிகளையும் கொளுத்த வேண்டும் என்றார்.

போலீஸ் பக்கமும் வொலொன்தேவுக்குப் பழக்கம்தான். 1965ல் ரோமில் ஒரு நாடகம் போட்டார். யூதர்களைக் கொன்றபோது போப் பன்னிரண்டாம் பயஸ் வாய் திறக்கவில்லை என்று சொல்லும் நாடகம். போலீஸ் வந்து நிறுத்தியது. எல் இண்டியோ வெளிவந்த அதே வருஷம்!

பிரெஞ்சு இயக்குநர் ஷான்-பியர் மெல்வில் இவரை வைத்து ‘லெ செர்க்ல் ரூஜ்’ எடுத்துவிட்டு இனி இந்த ஆளோடு படம் கிடையாது என்று வெளிப்படையாகவே சொன்னார். இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ரசிகர் மன்றத் தலைவர் என்பீர்கள்.

17 ஜனவரி, இரவு

மோரோ.

1976ல் பெத்ரி ‘தோதோ மோதோ’ எடுத்தார், லியொனார்தோ ஷாஷாவின் நாவல். வெளியே கொள்ளைநோய். ஆளும் கட்சிப் பெருந்தலைகள் பாதாளத்தில் ஒரு மடத்தில் தியானத்துக்குக் கூடுகிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். வொலொன்தே அதில் ‘தலைவர்’. பேர் சொல்லவில்லை, ஆனால் அது ஆளும் கட்சித் தலைவர், பிரதமராக இருந்த ஆல்தோ மோரோ என்று இத்தாலியில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தளர்ந்த தோள், பாதியில் மங்குகிற குரல், கைகூப்பிய மாதிரி விரல்கள். ரொம்பவும் மோரோவாகவே இருந்து வயிற்றைப் பிசைந்ததால் முதல் இரண்டு நாள் எடுத்ததைத் தூக்கிப் போட்டேன் என்று பெத்ரி சொல்லியிருக்கிறார்.

16 மார்ச் 1978, ரோமில் மோரோவின் காரை மறித்துச் சிவப்புப் படை என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுக்காரர்கள் பாதுகாவலர் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்று அவரைக் கடத்தினார்கள். 55 நாள். 9 மே அன்று வியா கயெதானியில் ஒரு சிவப்பு ரெனோ 4 காரின் பின்பக்கத்தில் உடல் கிடந்தது. அதன் பிறகு ‘தோதோ மோதோ’வை யாரும் திரையிடத் துணியவில்லை. படம் பல வருஷம் கண்ணிலிருந்தே மறைந்தது.

1986ல் ஜூசெப்பே ஃபெர்ராரா மோரோ கடத்தலைப் படமாக எடுக்கிறார். மோரோ யார்? அதே வொலொன்தே. இந்தத் தடவை சொந்தப் பேரோடு. பெர்லினில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி 1987ல் அதற்குத்தான்.

இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். அதே சரிந்த தோள், அதே தாழ்ந்த குரல். பத்து வருஷம் முந்தைய படத்தில் அதைப் பார்த்து முகம் சுளித்தோம். இங்கே சின்ன அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். வீட்டுக்கும் கட்சிக்கும், யார் காப்பாற்றுவார்களோ அவர்களுக்கும். அவரை வெளியே எடுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது என்று அவருடைய கட்சியே உறுதியாக நிற்கிறது. ஒரே உடல்மொழி இப்போது தொண்டையை அடைக்கிறது. ஒரு மனிதரைக் கேலிச்சித்திரமாகப் போட்ட நடிகர் திரும்ப வந்து அதே மனிதருக்கு உயிர் கொடுத்தார் என்பதற்கு எனக்குத் தெரிந்து வேறு உதாரணம் இல்லை. மன்னிப்புக் கேட்டார் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். அவர் அப்படிச் சொன்னதாக எங்கும் படித்ததில்லை. இரண்டு படத்தையும் செய்தார், அவ்வளவே.

18 ஜனவரி

விட்டுப்போனவை: ‘எபோலியோடு நின்றுவிட்டார் கிறிஸ்து’, 1979, ரோசி. முசோலினி தெற்கே நாடுகடத்திய டூரின் டாக்டர், ஓவியர் கார்லோ லெவியாக. படம் முழுக்க இவர் செய்வது ஒன்றே, மற்றவர்கள் பேசுவதைக் கேட்பது. 1990ல் ஜான்னி அமேலியோவின் ‘திறந்த கதவுகள்’, ஃபாசிஸக் காலப் பலெர்மோவில் மரணதண்டனை வேண்டாம் என்று தனியாக நிற்கும் நீதிபதி. 1972ல் கானில் முதல் பரிசு வாங்கிய இன்னொரு படம், ரோசியின் ‘மத்தேயி வழக்கு’, பற்றித் தனியாக எழுத வேண்டும். எண்ணெய் அதிகாரி மத்தேயி 1962ல் விமான விபத்தில் செத்தது மர்மம். அந்தப் படத்துக்காகத் தகவல் சேகரித்த மவ்ரோ தே மவ்ரோ என்ற பத்திரிகையாளர் 1970ல் பலெர்மோவில் காணாமல் போனார், திரும்பவே இல்லை.

1991ல் வெனிஸ் விழாவில் வாழ்நாள் சாதனைக்குத் தங்கச் சிங்கம். கல்லறை சார்தீனியாவுக்குப் பக்கத்தில் லா மத்தலேனா தீவில்.

19 ஜனவரி, இரவு 1.15

தூக்கம் வராமல் எல் இண்டியோவை மறுபடி போட்டேன். பிள்ளை தூங்குகிறான், அதனால் ஒலியை முழுக்க அணைத்துவிட்டேன். இரவல் குரலும் இல்லை, மோரிகோனியும் இல்லை.

பாழடைந்த மாதா கோயிலில் பிரசங்க மேடை ஏறி, அடியாட்களுக்கு வங்கிக் கொள்ளையைக் கதையாகச் சொல்கிறானே, அங்கே சத்தமில்லாமல் பார்த்தால் அவன் வெறிபிடித்தவன் மாதிரியே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, விரலால் எண்ணி எண்ணி விளக்குகிறான். வாட்ச் மூடும் இடத்தில் முகத்தில் வெறி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். களைப்பு இருக்கிறது. சுட்ட பிறகு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சுவரில் சாய்கிறான், கண் எங்கேயோ. பதினைந்து வருஷமாக இதைப் பார்த்திருக்கிறேன், கேட்டுக்கொண்டே பார்த்ததால் தெரியவில்லை.

13ஆம் தேதி மதியம் எழுதிய ‘புருவமும் பல்லும்’ ஜோக்கை வாபஸ் வாங்குகிறேன்.

19 ஜனவரி, காலை

முதலில் கேள்வி கேட்டவர் ‘விசாரணை’ பார்த்துவிட்டாராம். “அந்தப் போலீஸ்காரனும் இண்டியோவும் ஒரே ஆளா? சத்தியமா?” என்று கேட்டிருக்கிறார்.

ஒரே ஆள்தான். எந்த மொழிப் பிரதி பார்த்தீர்கள்? இங்கிலீஷ் டப்பிங் என்றால் மறுபடி பாருங்கள்.